கழித்தல் குறி

சுவருக்குள் அடைக்கவேண்டிய பஞ்சை
முதலில் எடை போடுகிறேன்.
பிறகு காந்தத்தின் அருகே தொங்கவிட்டு
மறுபடியும் எடை போடுகிறேன்.
இரண்டுக்கும் நடுவே விழும் வித்தியாசம்தான்
இந்த மாதம் எனக்குச் சோறு போடுகிறது.

இனாரி ஏரிக்கு வடக்கே
இரும்பில்லாத குடில் ஒன்று எழும்புகிறது.
ஆணி பித்தளை, கீல் பித்தளை.
பூட்டு இல்லை.
திருடனே வந்தாலும்
பெல்ட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான்
நுழைய வேண்டும்.

உள்ளே பூமியின் காந்தத்தைக் கேட்கும் கருவி
உட்காரப்போகிறது.
குளிர் ஆகாது அதற்கு, வெயிலும் ஆகாது.
அரை டிகிரி ஏறினால் பொய் சொல்லத் தொடங்கும்.
ஆகவே போர்வை வேண்டும்,
இரும்பின் வாடைகூட இல்லாத போர்வை.
வானம் பச்சையாய் எரியும் இரவில்
எண்கள் துள்ளினால்
துள்ளியது வானமா சுவரா என்று
ஒருவரும் என்னைக் கேட்டுவிடக் கூடாது.

முதல் மாதிரி பாறைப்பஞ்சு.
விற்க வந்த கவுக்கோ அடித்துச் சொன்னார்:
"கல்தானே, கல்லுக்கு ஏது காந்தம்?"
உருக்கி, ஊதி, நூலாக்கியபோது
நூலாக மறுத்த துளிகள் சில
உள்ளே ஒளிந்திருந்தன.
கடுகு சிறுத்தாலும்—
மீதியைத் தராசு சொன்னது.
கவுக்கோ பெட்டியை மூடினார்.
அதன் கொக்கிக்கும் எண் ஒருமுறை அசைந்தது.
"அதுவுமா?" என்றார்.
அதுவும்தான்.

இரண்டாவது, காகிதப்பஞ்சு.
ஹெல்சிங்கி அலுவலகங்கள்
கிழித்துப் போட்டதெல்லாம்
சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டையாய் வந்திருந்தது.
நல்ல கதகதப்பு. விலையும் மலிவு.
ஆனால் இழுத்தது.
இடுக்கியால் ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன்:
வரிக்கணக்கின் பாதி,
'ஆதலால் தாங்கள்' என்று தொடங்கி முடியாத ஒரு வரி,
யாரோ யாரையோ விட்டுப் பிரிந்த தேதி.
ஓரத்து வெள்ளை சும்மா கிடந்தது.
எழுத்து மட்டும் காந்தத்தை நோக்கிச் சாய்ந்தது.
அச்சுத்தூளின் கறுப்பு இரும்பின் கறுப்பாம்.
எனக்கு வந்த மூன்று பக்கங்களும்
நான் எறிந்த பின்
எந்த ஊர்ச் சுவருக்குள்
யாருக்குக் குளிர் தடுக்கின்றனவோ.

ஆட்டு ரோமம் கொண்டுவந்தவன் ஊலா.
குடிலின் தச்சன்; பேச்சில் கஞ்சன்.
திங்களன்று சுத்தம். செவ்வாயன்று அழுக்கு.
அதே ஆடு, அதே குழாய்.
நான் அளவையைச் சந்தேகித்தேன்,
அப்புறம் காந்தத்தை, அப்புறம் என் கண்ணை.
புதனன்று அவன் சட்டைப்பைக்குள் கைவிட்டு
ரோமத்தோடு ஒரு கத்தியையும் எடுத்தான்.
நேற்றுத்தான் தீட்டினானாம்.
இருவரும் கொஞ்ச நேரம்
அந்தக் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுபடி அலசி, மரச்சீப்பால் வாரி,
துணியில் பொதிந்து கொண்டுவந்தான்.
எண் இறங்கியது, இறங்கியது,
பூச்சியத்தைத் தாண்டி இன்னும் ஓர் இழை இறங்கியது.
இதைத்தான் தேடினேன்.

தராசுக் கொட்டகையில் அடுப்பில்லை; வெளிக்குளிர்தான் உள்ளும்.
நான் கையுறையை ஊதிக்கொண்டிருந்தபோது
காலிக் குழாயில்
வாசல் பனியை அள்ளித் திணித்துக் கொடுத்தான் ஊலா.
விளையாட்டுக்குத்தான்.
தொங்கவிட்டேன்.
கழித்தல் குறி.
பனி காந்தத்தை வெறுக்கவில்லை;
கூட்டத்தில் ஒருவர் இடம்விட்டு நிற்பதுபோல்
மிக லேசாக விலகிக்கொள்கிறது.

"எழுது" என்றான்.
"மே மாதம் கரைந்துவிடுமே."
"அதையும் எழுது."

எழுதினேன்.
மாதிரி நான்கு: பனி.
விலை: இல்லை.
இருப்பு: தேவைக்கு மேல்.
குறை: மே.

மூன்று வாரம் கழித்துத் தலைமையகத்திலிருந்து
தடித்த காகிதத்தில் பதில் வந்தது:
ஆட்டு ரோமம் ஏற்கப்படுகிறது;
நான்காம் மாதிரிக்கு
விநியோகஸ்தர் பெயர் விடுபட்டுள்ளது,
உடனே தெரிவிக்கவும்.

வெளியே விநியோகம் நடந்துகொண்டுதான் இருந்தது,
ஒரு முழத்துக்குமேல்.
கடிதத்தின் ஓரத்தைக் கத்தரித்து எறிந்தேன்.
வாசகத்தை மட்டும் சுருட்டிக்
குழாயிலிட்டுத் தொங்கவிட்டேன்.

இழுத்தது.